வெயில் தேடி வடக்கே: ஒரு காப்சாயும் பழைய ரோடும்

குளிர்நாட்டுக்காரர்கள் ஜனவரியில் வெயில் தேடித் தெற்கே போவார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் வடக்கே போக வேண்டும். சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. “கெடா, பெர்லிஸ் பக்கமா? அங்கே மட்டும் மழை பெய்யாதா?” என்றுதான் கேட்டார்கள்.

பெய்யும், ஆனால் அந்த மாதங்களில் குறைவு. வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் கொட்டும். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதைத் தாண்டி வடமேற்கு மூலைக்குப் போய்ச் சேரும்போது காற்றில் ஈரம் அதிகம் மிச்சமிருக்காது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் பெர்லிஸ், கெடா, பினாங்கு எல்லாம் காய்ந்து கிடக்கும். கோலாலம்பூரும் மலைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் நம் ஊருக்கு மத்தியான இடிமழை என்று ஒன்று தனியாக உண்டு. பருவக்காற்று சில நாள் வெறிபிடித்து அடித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது பலருக்கும் மறந்திருக்காது.

நான் கிளம்பிய ஆண்டில் அவ்வளவு மோசமில்லை. பொங்கல் முடிந்தும் மழை மட்டும் விடவில்லை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் துவைத்த துணி காயாமல் ஒரு புளித்த வாடை. மீதமுள்ள விடுப்பை மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் கழிந்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ராத்திரி முடிவெடுத்து, காலையில் கிளம்பிவிட்டேன். அம்மாவிடம் “ஈப்போ வரைக்கும்தான்” என்றேன். அது பொய்யில்லை, அப்போதைக்கு அவ்வளவுதான் தெரியும்.

வண்டி அப்பா ஓட்டிய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள். கார்புரேட்டர் காலத்து 100 சிசி. இந்த மாதிரிச் சின்ன மோட்டாருக்கு இங்கே காப்சாய் என்று பேர், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாசி லெமாக் விற்பவரிலிருந்து பால்மரம் வெட்டப் போகிறவர் வரை எல்லாரும் ஓட்டுகிற வண்டி. 150 சிசி வரைக்கும் ஆண்டுச் சாலை வரி இரண்டே வெள்ளி (ரிங்கிட்). நெடும்பயணத்துக்குப் பெரிய மோட்டார் வேண்டும் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய வண்டி நடுவழியில் நின்றால் அதற்கென்று உள்ள பட்டறையைத் தேட வேண்டும். இஎக்ஸ்5 நின்றால் எந்தச் சின்ன ஊர்ப் போர்மனும், அதாவது மெக்கானிக்கும், கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். டியூப், பிளக், செயின், கேபிள் எல்லாம் அவர் கடைச் சுவரிலேயே தொங்கும்.

இதே காரணத்தால்தான் ஹைவேயை விட்டுவிட்டுப் பழைய ரோட்டில் போனேன். மோட்டாருக்கு வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் டோல் கிடையாது, ஆகவே காசு மிச்சம் பிடிக்கிற கதை இல்லை. அங்கே 110இல் பறக்கும் காருக்கும் பஸ்ஸுக்கும் இடது ஓரத்தில் 75இல் போகும் சின்ன வண்டி ஒரு தொந்தரவு. லாரி கடக்கும்போது ஒரு காற்று இழுக்கும், அடுத்த நொடி தள்ளும். மழை பிடித்தால் அடுத்த ஓய்விடம் வரை நனைவதைத் தவிர வழியில்லை. 1994இல் நெடுஞ்சாலை முழுசாகத் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் போன வழி முதலாம் எண் கூட்டரசுச் சாலை. ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார் என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகும். கடை இருக்கும், கோயில் இருக்கும், ஒதுங்கக் கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை இருக்கும். திட்டம் போடாமல் கிளம்புகிறவருக்கு வேண்டியதையெல்லாம் அந்த ரோடே வைத்திருக்கிறது. ஒன்றைத் தவிர. உடம்பு காய்ந்திருக்க வேண்டும். அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலேசியாவில் குளிரா என்று சிரிப்பார்கள். 23 டிகிரியில் தொப்பலாக நனைந்த சட்டையோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் போய்ப் பாருங்கள். ஈரத் துணி காய்வதற்கு வேண்டிய சூடு வேறு எங்கிருந்தும் வராது, உடம்பிலிருந்துதான் போகும். காற்று அதை இன்னும் வேகமாக உறிஞ்சும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும். அப்புறம் தோள் இறுகும். பல் கிட்டுவது அதற்கும் பிறகுதான். ஆபத்து ஆரம்பிப்பது விரலில். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாமல் போய்விடும்.

அதனால் மழையங்கி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பொன்ச்சோ மாதிரித் தொங்குவது வேண்டாம். காற்றில் படபடத்து ஆளை இழுக்கும், சமயத்தில் செயின் பக்கமும் போகும். சட்டை தனி, கால்சட்டை தனி என்று இரண்டாக வருகிற பாஜு ஹுஜான்தான் சரி. ஒரு அளவு பெரிதாக, மஞ்சளோ ஆரஞ்சோ, முதுகில் ஒளி திருப்பும் பட்டையோடு. கறுப்பு அழகுதான், ஆனால் மழையில் லாரிக்காரர் கண்ணில் படாது. தண்ணீர் முதலில் புகுவது கால்சட்டையின் அடித் தையல் வழியாகத்தான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும். அதனால் வீட்டிலேயே அந்த இடத்தில் உள்பக்கமாக அகலமான டேப் ஒன்றை ஒட்டிவிட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியம், மழை விழுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்வது. எதிரே வருகிற மோட்டார்க்காரர்கள் மழையங்கியோடு வந்தால் அதைவிடப் பெரிய வானிலை அறிக்கை கிடையாது.

ரவாங் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகளோடு மல்லுக்கட்டு. தஞ்சோங் மாலிமில் ஆவியில் வெந்த சூடான ஒரு பாவும் காப்பியும். அதற்குப் பிறகு சாலை திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் செம்பனை, வலது கைப்பக்கம் மேகம் மூடிய மலை. சிலிம் ரிவர் தாண்டியதும் தூறல் கனத்த மழையானது. தூறல் விழுகிற அந்த முதல் சில நிமிடம்தான் சாலை மிகவும் வழுக்கும். பல நாள் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து மேலே வரும், கழுவிப்போக நேரம் எடுக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, இவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பழைய இஎக்ஸ்5க்கு முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக்தான். தேங்கின தண்ணீரில் இறங்கி ஏறினால் பிடிப்பு குறைந்துவிடும். மெல்ல ஓட்டிக்கொண்டே லேசாகப் பிரேக்கை உரசவிட்டால் சூடேறிக் காய்ந்துவிடும்.

பீடோரை நெருங்கும்போது வண்டி இருமியது. கொஞ்ச தூரம் இழுத்தது, அப்புறம் நின்றேவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன், நான் சொன்னேனே, பழைய ரோட்டில் போர்மன் இல்லாத இடம் குறைவு. சாக்குத் துணியில் கை துடைத்துக்கொண்டே ஒருவர் எழுந்து வந்தார்.

“என்னம்மா, தனியாவா வந்த?”

“ஆமாண்ணே.”

“எங்கேருந்து?”

“கேஎல். பினாங்கு போறேன்.” பினாங்கு என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அங்கேதான்.

அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். “மொதல்ல உள்ள போயி சட்டைய மாத்து. வண்டிக்கு ஒண்ணும் இல்ல, பிளக் தொப்பியில தண்ணி.” பிளக் மேல் மூடியிருக்கும் ரப்பர் தொப்பி வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து மின்பொறியைக் கெடுத்திருக்கிறது. புதுத் தொப்பி ஒன்றை மாட்டி, ஓரத்தில் கிரீஸ் தடவினார். பொருளுக்கு மட்டும் காசு வாங்கினார். கூலி என்று நீட்டியதற்கு, “போய் சூடா எதாவது குடி” என்றார்.

சட்டையை மாற்று என்று அவர் சொன்னதுதான் அந்த வழியில் எனக்குக் கிடைத்த சிறந்த வைத்தியம். நனைந்தவர்கள் பெரும்பாலும் மேலே இன்னொரு ஜாக்கெட்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே ஈரம் இருக்கிறவரை எத்தனை மூடினாலும் நடுக்கம் போகாது. தோலை ஒட்டின துணி முதலில் காய்ந்ததாக இருக்க வேண்டும். அதற்கு மேல், நம் ஊர்க் காப்சாய்க்காரர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போடுவார்களே, அதைக் கிண்டல் செய்யாதீர்கள். ஜிப்பின் இடுக்கு வழியாகக் காற்று நெஞ்சில் ஏறாது. நெஞ்சுக்கு நேரே நாலைந்து தாள் செய்தித்தாளைச் செருகினால் இன்னும் நல்லது. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் காலணி. கைக்கு உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை, வெளியே சாதாரண கையுறை. பார்க்க அழகாக இருக்காது. தாப்பாவிலிருந்து கம்பார் வரை மழை விடவேயில்லை, ஆனால் எனக்கு நடுக்கம் இல்லை.

தலைக்கவசக் கண்ணாடியில் நீராவி படிவது இன்னொரு தொல்லை. துளி ஷாம்பூவைக் கண்ணாடியின் உள்பக்கம் தேய்த்துக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் வெகுநேரம் தாங்கும். இல்லையென்றால் விரல் அகலம் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். மூக்கில் மழை ஊசியாய்க் குத்தும்.

மழைக்குப் பயந்து மேம்பாலத்துக்குக் கீழே கும்பலாக நிற்கிறார்களே, அது எனக்கு எப்போதும் பயம். மோட்டாருக்கென்று கட்டின ஒதுங்கிடம் என்றால் சரி. சாலை ஓரத்தில், ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் நம்பி நிற்பது சரியில்லை. இந்த நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்க்காரர்கள். மழையில் கண் தெரியாமல் ஓரம் கட்டுகிற லாரிக்கு, அங்கே ஆள் நிற்பது தெரியாது.

அன்றைக்கு ஈப்போவோடு நிறுத்திக்கொண்டேன். மேற்குக்கரை மழைக்குப் பெரும்பாலும் ஒரு நேரக்கணக்கு உண்டு. காலையில் வெயில் நிலத்தைச் சுட வைக்கும், மத்தியானத்துக்கு மேல் மலையோரம் மேகம் திரளும், சாயங்காலம் கொட்டும். அன்று காலையிலேயே பிடித்துக்கொண்டது பருவக்காற்றின் கூத்து, எல்லா நாளும் அப்படி இருக்காது. அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இதுதான்: விடிந்ததும் கிளம்பு, ஒரு மணிக்குள் சக்கரத்தை நிறுத்து. எங்கே போகிறோம் என்பதை வழியில் முடிவு செய்யலாம். எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை முன்னாலேயே முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் தங்கும் இடத்தைப் பகலில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தனியாகப் போகிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. முகப்பு மேசையிலிருந்து பார்த்தால் மோட்டார் தெரிகிற மாதிரி நிறுத்த இடம் உண்டா என்று பார்ப்பேன். அறையைப் பற்றி அப்புறம்தான் கேட்பேன். காப்சாய்க்குத் திருடர்களிடம் நல்ல மவுசு. எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குத் தனிப் பூட்டு.

ஈப்போவில் புந்தோங் போய்க் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டேன். அங்கே நம்மவர்கள் தலைமுறையாய்ச் செய்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். காரக்கடலை, முறுக்கு, ஓமப்பொடி. ஓட்டும்போது பசிக்கு இதைவிட வசதியான சாப்பாடு கிடையாது; கெடாது, நசுங்காது, உப்பும் இருக்கிறது.

மறுநாள் சுங்கை சிப்புட், கோலகங்சார் தாண்டித் தைப்பிங். தீபகற்பத்தில் மழைக்குப் பேர்போன ஊர். இன்றைக்குப் பெய்யுமா பெய்யாதா என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஊரை ஒட்டி எழும்பி நிற்கிற மலை மேகத்தைப் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே அங்கே காலையிலேயே போய்க் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். ஈயச்சுரங்கம் வெட்டின இடத்தில் 1880களில் ஏரிப் பூங்காவை அமைத்திருக்கிறார்கள். மரக்கிளைகள் சாலைக்கு மேலாக வந்து தண்ணீரைத் தொடும். பத்து நிமிடம் நின்றேன், மலை உச்சி கறுக்க ஆரம்பித்தது, கிளம்பிவிட்டேன்.

பாகான் செராய் வயல்வெளி வந்ததும் வானம் மாறியது. பாரிட் புந்தாரில் மழையங்கியைக் கழற்றிச் சுருட்டினேன். நிபோங் திபாலில் முதுகு காய்ந்தது. பட்டர்வொர்த் வருவதற்குள் வியர்த்துவிட்டது. அது கூட இன்பமாகத்தான் இருந்தது.

தீவுக்குப் போகப் பாலம் இரண்டு இருக்கிறது. 1985இல் திறந்தது ஒன்று, 2014இல் திறந்தது இன்னொன்று. இரண்டிலும் 2019 முதல் மோட்டாருக்கு டோல் இல்லை. ஆனாலும் சின்ன வண்டியில் போகிறவருக்கு நான் பெர்ரியைத்தான் சொல்வேன். இப்போது அதில் காரை ஏற்றுவதில்லை. நடந்து வருகிறவர்களும் சைக்கிளும் மோட்டாரும்தான். பாலத்தில், அதுவும் நீளமான இரண்டாவது பாலத்தில், பக்கவாட்டுக் கடல்காற்று லேசான வண்டியைத் தடம் மாற்றும். பெர்ரியில் கால் மணி நேரம் சும்மா நிற்கலாம்.

பினாங்கில் ஈர மூட்டையைப் பிரித்து, தங்கிய இடத்துக் கொல்லையில் கொடியில் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. லிட்டில் இந்தியாவில் 1833இல் கட்டின மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஈப்போல கடல் இருக்கா?” என்றார். பின்னால் கப்பல் சங்கு ஊதியது அவருக்குக் கேட்டிருக்கிறது.

தீவைச் சுற்றுவது காப்சாய்க்கென்றே செய்து வைத்த மாதிரி. பத்து பெரிங்கி கடலோரம், தெலுக் பாஹாங், அங்கிருந்து மலை வளைவுகளில் ஏறி இறங்கிப் பாலிக் பூலாவ், பிறகு பாயான் லெப்பாஸ் வழியாக ஊர். வளைவில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சூடாகிப் பிடிப்பு போய்விடும். வழியில் ஜாதிக்காய்ச் சாறு விற்கும் கடைகளில் நிற்கலாம்.

அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் வெயில் என்று கிளம்பியாயிற்று, வெயிலின் ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றியது. பெர்லிஸில் சுப்பிங் என்ற இடம். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 டிகிரி பதிவாகி நாட்டின் உச்ச வெப்பம் என்று பேர் வாங்கியது. சுங்கை பட்டாணி, குருண், அலோர் ஸ்டார், கங்கார் வழி. ஜெராய் மலை வெகுநேரம் கூடவே வந்தது.

வெயிலுக்கும் அதன் கணக்கு உண்டு. அலோர் ஸ்டார் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை வயல், மறைப்பே இல்லை, அந்த மாதத்துக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். கைப்பிடியை இறுக்கினால் வண்டி இன்னும் அலைபாயும். பிடியைத் தளர்த்தி, முழங்காலால் வண்டியை அணைத்து, வேகத்தைக் குறைத்தால் போதும். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் காற்று திரும்பப் பிடிக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். மழையில் நனைந்தால் உடனே தெரியும். வெயிலில் உடம்பு வற்றுவது தெரியாது, காற்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே போகும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், பெட்ரோல் நிரப்ப நிற்கும்போதெல்லாம் தண்ணீர் குடித்தேன். காப்சாய்த் தொட்டியில் நாலு லிட்டர் அளவுதான் பிடிக்கும். அதற்கே அடிக்கடி நிற்க வேண்டும், அது நல்லதுதான். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் இடையில் ஒரு விரல் அகலம் தோல் வெளியே இருந்தது. அங்கே வளையல் போட்ட மாதிரிக் கறுத்து, வாரக்கணக்கில் போகவில்லை.

சுப்பிங்கில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், சுண்ணாம்புக்கல் குன்று, பரந்த வெளி, அனல். ஒரு கடையில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை மலாய்ப் பெரியவர் வண்டியின் எண்தட்டைப் பார்த்துவிட்டு, கேஎல்லிலிருந்தா, இந்த வண்டியிலா என்று கேட்டுச் சிரித்தார். கிளம்பும்போது என் பணத்தையும் அவரே கட்டியிருந்தார்.

திரும்பும் வழியில் தாப்பாவில் எதிர்பார்த்த மழை எதிர்பார்த்த நேரத்தில் வந்தது. ஒரு மணிக்கு முன்பே நிறுத்திவிட்டதால் அதை ஒரு சாப்பாட்டுக் கடைக்குள்ளிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வண்டியைச் செந்தூல் போர்மனிடம் விட்டேன். மழையில் ஓடின செயின் எண்ணெய் இல்லாமல் சிவந்திருந்தது. வழியில் சாயங்காலம்தோறும் வண்டி சூடாக இருக்கும்போதே செயினுக்கு எண்ணெய் விட்டு வந்தும் கடைசி நாள் மழை மிச்சம் வைக்கவில்லை. செயினும் பல்சக்கரமும் சேர்த்தே மாற்றச் சொன்னார். ஒன்றை மட்டும் மாற்றினால் பழசு புதுசைத் தின்றுவிடும். பின்சக்கர பேரிங்கில் தண்ணீர் புகுந்திருந்தது, அதையும் மாற்றினார். எஞ்சின் எண்ணெயை வடித்துப் பார்த்து, நிறம் சரியாக இருக்கிறது, தண்ணீர் கலக்கவில்லை என்றார். பீடோரில் கழற்றின பழைய பிளக் தொப்பியைத் தூக்கிப் போடப் போனேன். அங்கே மாட்டினது வேறு வண்டித் தொப்பி, ஒரு நூல் நீளம், ஆனால் பொருத்தம் பழசைவிட நல்லா இருக்கு, மாட்டினதையே விட்டுவிடு என்றார்.